ஒரு சைஸ் பெரிசு

என் வீட்டுக்காரரின் கைகள் நீளத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மீன்காரியும் வரவில்லை, குழாயில் தண்ணீரும் வரவில்லை. மூன்றில் எதற்கு முதலில் கோபப்படுவது என்று நான் முடிவு செய்வதற்குள், மனிதர் தரையில் நின்றபடியே பரணில் இருந்த முறுக்கு டின்னை இறக்கி, மூடியைத் திறந்து, கடக் கடக் என்று தின்றுகொண்டிருந்தார். ஸ்டூல் அதன் மூலையிலேயே கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஸ்டூலில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்தது எனக்கு.

"எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எட்டுச்சு," என்றார்.

எட்டியதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. தண்ணீருக்குக் கோபப்படலாம் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

முன்கதை இல்லாமல் இது புரியாது. என் மாமியார் பிள்ளைக்குச் சேர்மக்கனி என்று பெயரைத் தாராளமாக வைத்தாரே தவிர, கையைச் சிக்கனமாகத்தான் வைத்துப் பெற்றிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டால் விரல் வெளியே வராது. மணவறையில் தாலியை எடுத்துக்கொண்டு குனிந்த மனிதருக்கு என் மாலையையும் சடையையும் தாண்டிப் பின்கழுத்து எட்டவில்லை. கெட்டிமேளக்காரர்கள் அடித்து அடித்து வியர்த்து வழிய, அட்சதை எல்லாம் தீர்ந்துபோய் ஆட்கள் வெறுங்கையை வீசிக்கொண்டிருக்க, விளக்கோடு பின்னால் நின்ற அவருடைய அக்கா கனகமணி, "தள்ளுல" என்று விளக்கை யார் கையிலோ திணித்துவிட்டு மூன்று முடிச்சையும் தானே போட்டார். முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, மிச்சம் இரண்டுதான் நாத்தனாருடையது என்பது வழக்கம். வழக்கப்படி பார்த்தால் நான் வாழ்க்கைப்பட்டது கனகமணி மைனிக்குத்தான். அடுத்த வீட்டிலேயே குடியிருந்து அந்த உரிமையை அவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் வெட்கப்பட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி என்ன சீமையா, காலையில் போனால் சாயங்காலம் திரும்பலாம். ஆனால் மூத்தவள் கொஞ்சம் வளரட்டும் என்றோம், இளையவன் பரீட்சை முடியட்டும் என்றோம், மாடி எழும்பட்டும் என்றோம், அவர் ரிட்டயர் ஆகட்டும் என்றோம். எல்லாம் வளர்ந்து, முடிந்து, எழும்பி, ஆகி, துறைமுகத்தில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்தவரை மாலை போட்டு அனுப்பிய மறுவாரம், ஜமீன்தார் சாய்வு நாற்காலிக்கு இரண்டு சக்கரம் பூட்டியது போல ஒரு பழைய க்ரூஸர் பைக்கை வாங்கி வாசலில் நிறுத்தினார். "கிளம்பு, கன்னியாகுமரிக்கு," என்றார்.

கிளம்பியிருப்போம். கை எட்டவில்லை. சீட் பின்னால், ஹேண்டில்பார் முன்னால், நடுவில் கடல் மாதிரி ஒரு பெட்ரோல் டேங்க். அவர் அதன்மேல் கவிழ்ந்து படுத்து ஸ்பீடோமீட்டரை மோந்து பார்ப்பது போல ஓட்டினார்.

ஆகவே லிகோரி கடைக்குப் போனோம். பாளையங்கோட்டை ரோட்டில் பைக்குகளுக்கு அலங்காரம் செய்கிற கடை. கூரையிலிருந்து ஹேண்டில்பார்கள் வகைவகையாகத் தொங்கும். மாட்டுக்கொம்பு மாதிரி சில, ஆட்டுக்கொம்பு மாதிரி சில. லிகோரி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மேலே எழும்பிப் பின்னால் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வருகிற உயரக் கம்பிதான் அண்ணாச்சிக்குத் தோது என்றான். அவரைச் சீட்டில் உட்கார்த்தி, கண்ணை மூடிக்கொண்டு சும்மா கையை நீட்டச் சொன்னான். விரல் நின்ற இடத்தை அளந்தான்.

"பன்னெண்டு இஞ்ச். அச்சா உக்காரும்."

பக்கத்திலேயே பதினாறு இஞ்சில் ஒன்று தொங்கியது.

"அது என்ன விலை?" என்றேன்.

"அதுவும் இதே விலைதான் அக்கா. ஆனா அது அண்ணாச்சிக்கு..."

"ஒரே விலைக்குப் பெரிசு இருக்கும்போது எந்த மடையனாவது சின்னதை வாங்குவானா?"

"அக்கா, கை தோளுக்கு மேல போகப்பிடாது. போச்சுன்னா ரத்தம் இறங்கி விரல் மரத்துப்போகும். ஓட்டுத மாதிரி இருக்காது, தொங்குத மாதிரில்லா இருக்கும்."

"போடப் போடச் சரியாயிடும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. எங்கள் வீடுகளில் யூனிஃபார்ம், செருப்பு, மழைக்கோட்டு எதுவானாலும் ஒரு சைஸ் பெரிசாகத்தான் வாங்குவோம். கான்வென்டில் எனக்கு அம்மா வாங்கித் தந்த பினோஃபார் முதல் வருஷம் கணுக்காலைத் தொட்டது. கூடாரத்துக்குள் யார் இருக்கிறீர்கள் என்று சிஸ்டர் ஜோசபின் கேட்பார். அது கடைசியில் எனக்கு அச்சாகப் பொருந்தியது மே மாத லீவில். ஜூனில் பள்ளி திறந்தபோது குட்டையாகிவிட்டது. நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் உடுத்தி வளர்த்தேன். ஐம்பத்தெட்டு வயசு மனிதர் இனிமேல் வளர மாட்டார் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம், தலையை ஆட்டினார். லிகோரி கிளட்ச் கேபிளும் பிரேக் வயரும் நீளமானதாகத் தேடிப்போட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வண்டியைத் தந்தான்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி போனார். பஸ் மட்டும் இல்லை. கன்னியாகுமரிக்கு முன் கொஞ்சம் பழகிக்கொள்கிறேன் என்று தினமும் காலையில் தெருவைத் தொங்கித் தொங்கிச் சுற்றி வந்தார், பிள்ளைகள் கைதட்டின, நாய்கள் துரத்தின. அந்தச் செவ்வாய்க்கிழமை சரியாகிவிட்டது. நான் சொன்னபடியேதான். கம்பி இறங்கவில்லை, கை ஏறிவிட்டது.

தெரு அதிசயப்படும் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். வாசலில் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது கனகமணி மைனி. தம்பியை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கை முடிகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார்.

"ஏல சேர்மா, எங்க வீட்டு சன்ஷேடுல பூனை குட்டி போட்டுருக்கு. எடு."

எடுத்தார். அவ்வளவுதான் அதிசயம். அதற்குப் பிறகு தெரு அவர் கையை ஒரு புதுக் குழாயடி மாதிரிப் பயன்படுத்த ஆரம்பித்தது. காலையில் தேங்காய் பறிக்க, மத்தியானம் மொட்டைமாடியில் காயும் வற்றலை மழைக்கு முன் கீழிருந்தே அள்ள, சாயங்காலம் தெருவிளக்கில் சிக்கிய பட்டத்தை எடுக்க, கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே மணமக்கள் நெற்றியில் விபூதி பூச என்று அவர் கை போகாத வீடு இல்லை. தையற்காரர் அவருடைய சட்டைகளுக்கு வேறு வேறு துணியில் கைகளை ஒட்டித் தந்தார், ஒட்ட ஒட்ட வளர்ந்ததால் ஒவ்வொரு கையும் கொடிக்கயிறு போல ஐந்தாறு நிறத்தில் இருந்தது. ரேஷன் கடையில் ஒரு தகராறு: இவர் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு கார்டை நேராகக் கவுண்டரில் நீட்டிவிட்டார். ஒரு மனிதன் வரிசையில் நிற்கும் இடம் என்பது அவன் கால் இருக்கும் இடமா, கை இருக்கும் இடமா என்று வெயிலில் நின்று வாதாடி, கால்தான் என்று தீர்ப்பானது. பிறகு எல்லாரும் தங்கள் கார்டையும் அவரிடமே கொடுத்து நீட்டச் சொன்னார்கள். பைபாஸில் ஹெல்மெட் சோதனைக்கு நிறுத்திய போலீஸ்காரரிடம், நடுவில் நின்ற கரும்பு லாரிக்கு அந்தப்பக்கத்திலிருந்து லைசென்ஸை நீட்டினார். அந்தப் போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்க்காமலே வேப்பமரத்தில் காற்று கொண்டுபோய் மாட்டியிருந்த தன் தொப்பியைக் காட்டினார்.

முழங்காலைத் தொடுகிற கை மகாபுருஷர்களுக்கு உள்ளது என்று கோயில் பூசாரி சொன்னார்.

"இவருக்கு முழங்காலையும் தாண்டிடுச்சே சாமி," என்றேன்.

"அப்போ மகாபுருஷரையும் தாண்டின ஆள்னு வச்சுக்கிடுங்க."

எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான், "கை நீளம்னா எங்க ஊர்ல வேற அர்த்தம்லா சொல்லுவாவ," என்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்னாள். மறுநாள் அவள் வீட்டு டிஷ் ஆன்டெனா காற்றில் திரும்பிக்கொண்டது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றே அதைச் சரியாக்கினார். அத்தோடு அவளும் அர்த்தத்தை மாற்றிக்கொண்டாள்.

எல்லாம் சரி. கன்னியாகுமரி?

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் விடியலில் எழுந்து புளியோதரை கிளறினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் தூக்குவாளியில் அடைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அதுவும் நான் வாங்கியதுதான், ஒரு சைஸ் பெரிசு, தலைக்குள் தலை இருப்பது போல ஆடும், வாசலுக்கு வருவேன். அப்போது யாராவது ஒருவர் கேட்டில் நிற்பார். "மைனி, அண்ணாச்சி இருக்காவளா? கை மட்டும் கொஞ்சம் வேணும்." கை மட்டும் கொடுத்துவிட்டு ஆளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? போவார். புளியோதரையைத் தெரு தின்னும். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று கனகமணி மைனி சொல்லியனுப்புவார்.

கத்தியிருப்பேன். கத்தவும் செய்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மனிதர் பாடிக்கொண்டே குளிக்க ஆரம்பித்திருந்தார். அதற்கு முன்பு தெருவில் அவரைக் கனகமணி தம்பி என்பார்கள், அதுவும் முகம் ஞாபகம் வந்தால். இப்போது சின்னப் பிள்ளைகள்கூட சேர்மக்கனி மாமா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டன. எடைமேடையில் லாரிகளின் கனத்தையே எழுதிக்கொண்டிருந்தவருக்கு முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கனம் வந்திருந்தது. அதைப் பார்க்கும்போது எனக்குப் பாதிக் கோபம் தொண்டையிலேயே நின்றுவிடும். மீதிப் பாதிக்குத்தான் தெரு காது கொடுத்தது.

கைகள் நிற்கவில்லை. பதினாறு இஞ்சைத் தாண்டி வளர்ந்தன. ஹேண்டில்பாரைப் பிடித்தால் முழங்கைகள் இரண்டு பக்கமும் நண்டு மாதிரி விரிந்து, ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் இட்லிக்கடைத் தட்டியிலும் உரசின. கம்பியை மாற்றியாக வேண்டும். எனக்கு ஒரு கணக்கு இருந்தது: பெரிசைப் போட்டதால்தானே வளர்ந்தது, லிகோரி முதலில் அளந்த பன்னிரண்டு இஞ்சைப் போட்டால் துவைத்த பருத்தி போலச் சுருங்கிவிடும். சுருங்கினால் யாரும் கேட்டில் வந்து நிற்க மாட்டார்கள். நின்றாலும் ஸ்டூல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம்.

தெருவுக்கு வேறு கணக்கு இருந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து கோயில்வரை சீரியல் பல்பு தொங்கவிட வேண்டும் என்பது தெருத் தலைவர் ஆபத்துக்காத்தானின் நெடுநாள் ஆசை. தொட்டி உச்சி என் வீட்டுக்காரர் கைக்கு இன்னும் கொஞ்சம் எட்டவில்லை. ஆகவே கோயில் முன்னால் கூடிப் பேசி, இருபது இஞ்ச் ஹேண்டில்பார் என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தூக்கோடும் ஹெல்மெட்டோடும் அவரோடும் லிகோரி கடைக்குப் போனால், எங்களுக்கு முன்பே தெரு போய் நின்றது. பெண் பார்க்கப் போகிறவர்கள் போல வெற்றிலை பாக்கோடு வந்திருந்தார்கள். லிகோரி இருபது இஞ்சை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அதை மேல மாட்டு," என்றேன். "பன்னெண்டை இறக்கு."

"தாயி," என்று தலைவர் தொண்டையைச் செருமினார், "இது பொது விஷயம்."

"பொது விஷயமா? என் போர்வையை இழுத்துக்கிட்டுத் தூங்குற கை எப்ப தலைவரே பொதுவாச்சு?"

"அம்மன் காரியத்துக்குக் குறுக்க நிக்காத ஏட்டி," என்றார் கனகமணி மைனி. "அவன் கை சுருங்கிட்டா எங்க வீட்டு ஒட்டடையை யாரு அடிப்பா?"

"ஒட்டடை அம்மன் காரியமா மைனி?"

தெரு சிரித்தது. மைனி சிரிக்கவில்லை. "சேர்மா, நீயே சொல்லுல. உனக்கு எது வேணும்?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கைகளை இரண்டு சுற்றாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியின்மேல், பள்ளிக்கூடத்தில் கூப்பிடப்பட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், என் தலையில் ஆடிக்கொண்டிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"சின்னதையே போடு லிகோரி," என்றார். "அவ எத்தனை ஞாயித்துக்கிழமைதான் கிளறுவா."

நான் ஜெயித்துவிட்டேன். தெருவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் அப்போது அவருடைய இடது கை யாரும் பார்க்காத மாதிரி மடியிலிருந்து நழுவி, கடையின் பின்சுவர் வரைக்கும் போய், அங்கே கோணலாகத் தொங்கிய மாதா படக் காலண்டரை நேராக நிமிர்த்திவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போகிற பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டுப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

எனக்கு அந்தப் பாழாய்ப்போன பினோஃபார் ஞாபகம் வந்தது. பெரிசாக இருந்தபோதும் அது எனக்கு இல்லை, சிறிசானபோதும் இல்லை. தெரு கேட்பது வளரப்போகிற கைக்கு. நான் கேட்பது பழைய கைக்கு. இன்றைக்கு இந்த மனிதருக்கு இருக்கிற கைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலில் பைக் வாங்கிய அவரும், பிறகு கம்பி வாங்கிய நானும், எல்லாவற்றையும் ஒரு சைஸ் பெரிசாகவே வாங்கி வாங்கி வைத்துவிட்டோம், கன்னியாகுமரி உள்பட.

"லிகோரி, ரெண்டையும் மேல மாட்டு," என்றேன்.

"அக்கா?"

"அவரைக் கண்ணை மூடச் சொல்லு. சும்மா கையை நீட்டச் சொல்லு. விரல் எங்க நிக்குதோ அங்க அளவெடு. அதுக்கு மேல அரை இஞ்ச் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

"அண்ணாச்சி இன்னும் வளந்தா?"

"வளர மாட்டார். இது அவருக்குச் சரியா இருக்கும்ல, அப்புறம் எதுக்கு வளரணும்?"

அளந்தான். அப்படியொரு அளவு எந்தக் கம்பெனியும் போடுவதில்லையாம். குழாயை வாங்கி, வளைக்கிற மிஷினில் கொடுத்து, பார்த்துப் பார்த்து வளைத்தான். தெரு நின்று பார்த்தது, வெற்றிலையைத் தானே போட்டுக்கொண்டது. மாட்டி முடித்ததும் அவர் பிடித்துப் பார்த்தார். முழங்கை விரியவில்லை, தோள் தொங்கவில்லை. சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிறவர் போல இருந்தார். அன்றைக்கு நின்ற கைதான், பிறகு ஒரு நகம் அளவுகூட நீளவில்லை, சுருங்கவும் இல்லை.

"அப்போ தண்ணித் தொட்டி?" என்றார் தலைவர் பரிதாபமாக.

"கொடைக்கு வந்திடுவோம் தலைவரே. எட்டுற வரைக்கும் அவர் மாட்டுவார். எட்டாததுக்கு ஏணி வாங்குங்க."

நான் பின்சீட்டில் ஏறினேன். வீட்டுக்குத் திரும்பி ஒருதரம் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கொல்லைக் கதவைப் பூட்ட வேண்டும், மாற்றுப்புடவை எடுக்க வேண்டும் என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வாயை மூடினேன்.

"ஏட்டி, அந்தப் புளியோதரையையாவது குடுத்துட்டுப் போ," என்று மைனி கையை நீட்டினார்.

எட்டவில்லை.

திருச்செந்தூர் தாண்டினோம், குலசேகரன்பட்டினம் தாண்டினோம். பனைமரங்கள் இரண்டு பக்கமும் ஓடின, செம்மணல் தேரிமேடுகளின் தூசி காற்றில் வந்து பல்லில் கடிபட்டது, ஹெல்மெட் என் தலையைச் சுற்றித் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நேர் ரோடு வந்ததும் அவர் டாப் கியரைப் போட்டார். இனி கிளட்சுக்கு வேலை இல்லை என்று இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். அது என் இடப்பக்கமாகப் பின்னால் போனது. முதுகுக்குப் பின்னால் சுற்றியது. வலப்பக்கமாக முன்னால் வந்து, அவருடைய வலது மணிக்கட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டது. நடுவில் நான், தூக்குவாளியோடு.

"எட்டுதா?" என்றேன்.

"எட்டுது," என்றார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

நல்ல இறுக்கமான முடிச்சுதான். கொடைக்குத் திரும்பியதும் கனகமணி மைனியிடம் சொல்ல வேண்டும், மணவறையில் தான் போட்ட மூன்று முடிச்சில் முதலாவதை இனி அவர் அவிழ்த்துக்கொள்ளலாம்.